ஒரு குடியிருப்பிலிருந்து ஐந்து குடியிருப்புக்கு: டெல்டாவில் நலவாழ்வு அறக்கட்டளை தொடங்கி வளர்ப்பது எப்படி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று டெல்டாவின் எந்தப் பேருந்து நிலையத்தில் இறங்கினாலும் பாசிமணி விற்கும் நரிக்குறவர்களைப் பார்க்கலாம். பூம்பூம் மாட்டுக்காரர் என்று ஊர் அழைக்கிற ஆதியன் குடும்பங்கள் நாகைப் பக்கம் வசிக்கின்றன. நடவு தொடங்கினால் மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் குழுவாக வந்து ஏக்கர் கணக்கில் நட்டுவிட்டுப் போகிறார்கள். அரிசி ஆலைகளில் பீகார், ஒடிசாக்காரர்கள் மூட்டை தூக்குகிறார்கள். இவர்களுக்கு அரசு மருத்துவம் கட்டணத்தால் எட்டாமல் போகவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாம் இலவசம்தான். மொழி தெரியாதது, ஊர் ஊராகப் போகும் பிழைப்பு, கையில் சான்று இல்லாதது, வரிசையில் நிற்கும்போது மற்றவர்கள் பார்க்கிற பார்வை, இந்த நான்கும்தான் குறுக்கே நிற்கின்றன. அறக்கட்டளை செய்ய வேண்டியது இந்த நான்கையும் அவர்கள் கடக்கக் கூடவே நடப்பது. தனியாக ஒரு ஆஸ்பத்திரி நடத்த நினைத்து இறங்கினால் இரண்டு வருடத்தில் பணமும் தீரும், டாக்டரும் போய்விடுவார்.

முதலில் கணக்கெடுங்கள்

ஒரே ஒரு குடியிருப்பைத் தேர்ந்தெடுங்கள். 40 முதல் 60 குடும்பங்கள் இருந்தால் போதும். அதற்குமேல் போனால் முதல் ஆண்டில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது.

போகும் நேரம் முக்கியம். காலை 7 மணிக்குமேல் வியாபாரத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். மாலை 6 மணிக்குப் பிறகு போனால் ஆண்களும் பெண்களும் வீட்டில் இருப்பார்கள். நரிக்குறவர்களிடையே சமூகப் பெரியவர்களின் பேச்சுக்கு இன்னும் மதிப்பு உண்டு. முதலில் அவர்களைப் பார்த்துப் பேசிவிட்டு, பெண்களிடம் தனியாகப் பேச அனுமதி கேளுங்கள். தங்களை எப்படி அழைக்க வேண்டும் என்பதையும் அவர்களிடமே கேட்டுவிடுங்கள். நரிக்குறவர்கள் தங்களுக்குள் வாக்ரி என்று சொல்லிக்கொள்வார்கள். 'பூம்பூம் மாட்டுக்காரர்' என்று எழுதிய பதாகையைப் பிடித்துக்கொண்டு ஆதியன் தெருவுக்குள் போனால் முதல் நாளே கதவு சாத்திவிடும்.

நீளமான ஒரு பேரேடு வாங்கி, குடும்பத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், வயது, ஆதார் உண்டா, குடும்ப அட்டை உண்டா, வங்கிக் கணக்கு உண்டா, சாதிச் சான்று உண்டா, குழந்தையின் தடுப்பூசி அட்டை எங்கே, இரண்டு வாரத்துக்குமேல் இருமல் யாருக்கு, கர்ப்பிணி யார், எந்த மாதம் எந்த ஊருக்குப் போவார்கள். கடைசிக் கேள்வியைப் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். பிறகு இந்த வேலை பாதியில் அறுந்துபோவதெல்லாம் அங்கேதான்.

எண்ணி முடித்ததும் அந்தப் பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியரைப் பாருங்கள். ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. உங்கள் குடியிருப்பு எந்த நர்சம்மாவின் எல்லைக்குள் வருகிறது என்று அவரிடமே கேளுங்கள். சாலையோரமும் வாய்க்கால் கரையும் இரண்டு எல்லைக்கு நடுவில் விழுந்து, யார் பதிவேட்டிலும் இல்லாமல் கிடப்பது உண்டு. அப்படி இருந்தால் வட்டார மருத்துவ அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் அமைப்பின் முதல் சாதனை இந்த ஒரு வரிப் பதிவாகவே இருக்கலாம்.

பதிவு

அறக்கட்டளையாக வேண்டுமானால் பத்திரம் எழுதிச் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். சங்கமாக வேண்டுமானால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது 7 உறுப்பினர்களோடு மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். அறக்கட்டளையில் முடிவெடுப்பது எளிது. சங்கத்தில் ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அந்தச் சமூகத்து மக்களே உறுப்பினராகி ஓட்டுப் போடும் வழி சங்கத்தில்தான் உண்டு. ஆகவே வேலை கூடினாலும் சங்கத்தையே பரிந்துரைப்போம்.

நோக்கப் பிரிவை எழுதும்போது கவனம் வேண்டும். 'மருத்துவ உதவி' என்று மட்டும் எழுதினால் பிறகு சான்றிதழ் வேலை, கண்ணாடி, ஊட்டச்சத்து, வெள்ள நிவாரணம் எதற்கும் பணம் செலவழிக்கத் தணிக்கையாளர் தயங்குவார். எல்லாவற்றையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். பிறகு பான் அட்டை, இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்திடும் வங்கிக் கணக்கு, தொண்டு அமைப்புகளுக்கு நிதி ஆயோக்கின் தளத்தில் கிடைக்கும் தர்ப்பண் எண்.

மூக்குக் கண்ணாடியில் தொடங்குங்கள்

முதல் வேலையாகப் பெரிய மருத்துவ முகாம் போட வேண்டாம். முகாமில் ஒரே நாளில் 200 பேருக்கு வைட்டமின் மாத்திரை கொடுத்துப் படம் எடுத்துப் போனவர்கள் எல்லாக் குடியிருப்புக்கும் ஏற்கெனவே வந்து போயிருப்பார்கள். மக்கள் அதை மறந்தும் போயிருப்பார்கள்.

பாசி கோக்கும் பெண்ணுக்கு 40 வயது தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது இயற்கை. அவருக்கு அதுவே பிழைப்புப் பிரச்சினை. பொடிப் பாசி கோக்க முடியாமல் பெரிய பாசிக்கு மாறுவார், அதில் வரும்படி குறைவு. எழுத்து அட்டையை வைத்துச் சோதித்தால் படிக்கத் தெரியாதவர் கூச்சப்பட்டு எழுந்து போய்விடுவார். அவர் கோக்கும் பாசியையும் நைலான் நூலையுமே கையில் கொடுங்கள். வெளிச்சம் பின்னாலிருந்து தோளுக்குமேல் விழும்படி உட்கார வைத்து, முகத்திலிருந்து 35 முதல் 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். 40 வயதை ஒட்டியவருக்கு +1.00 பவர், 45-க்குமேல் +1.50, 50-க்குமேல் +2.00, 55-க்குமேல் +2.50 என்று தொடங்கி ஒரு படி மேலும் கீழும் மாற்றிப் பாருங்கள். பத்துப் பாசி தடங்கலில்லாமல் கோத்தால் அதுதான் அவர் கண்ணாடி. கூடுதல் பவரே நல்லது என்று நினைத்துக் கொடுத்துவிடாதீர்கள். முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோனால்தான் தெரியும், கழுத்து வலிக்கும், இரண்டே நாளில் கழற்றி வைத்துவிடுவார்.

எந்தக் கண்ணாடியிலும் தெளியவில்லை என்றாலோ, கண்மணியில் வெள்ளை தெரிந்தாலோ அது கண்புரையாக இருக்கலாம். கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். இந்த வேலைக்கு ஒரு மாலைப் பொழுது போதும். பலன் மறுநாளே கையில் தெரியும். இருமல் பற்றிக் கேட்க அடுத்த வாரம் நீங்கள் போகும்போது பாய் விரித்து உட்காரச் சொல்வார்கள்.

அங்கிருந்தே ஒரு பணியாளர்

அமைப்பின் உயிர் இவர்தான். அந்தக் குடியிருப்பிலேயே வாழும், நரிக்குறவர்களின் வாக்ரிபோலி மொழியையோ ஆதியன்களின் தெலுங்கையோ தாய்மொழியாகப் பேசும் ஒரு பெண். எட்டாம் வகுப்புப் படித்திருந்தால் நல்லது, தமிழ் எழுத்துக் கூட்டிப் படித்தாலே போதும். வெளியாட்களிடம் தமிழில் சரளமாகப் பேசுகிறவர்களும் வெள்ளைப்படுதல், இரத்தப்போக்கு, மனச்சோர்வு எல்லாவற்றையும் தங்கள் மொழியில்தான் சொல்வார்கள். மொழிபெயர்க்கக் குழந்தைகளைக் கூப்பிடுவது பெரிய தவறு. அம்மாவின் நோயை மகன் வாயால் டாக்டரிடம் சொல்ல வைத்தால் பாதி மறைந்துபோகும்.

வாக்ரிபோலிக்கு எழுத்து இல்லை. துண்டுப் பிரசுரம் அடிக்கச் செலவழிக்காமல், அந்தப் பெண்ணின் குரலிலேயே ஒரு நிமிடச் செய்திகளைப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வேளாங்கண்ணியில் இருந்தாலும் பழநியில் இருந்தாலும் போய்ச் சேரும்.

தன்னார்வம் என்ற பெயரில் சம்பளம் கொடுக்காமல் விடாதீர்கள். ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு வருகிறவர் அவர். ஆறு மாதச் சம்பளம் வங்கியில் சேராமல் ஆளை நியமிக்கவும் வேண்டாம், இடையில் நிறுத்தினால் போகிற நம்பிக்கை திரும்பாது. முடிந்தால் வேறு வேறு பங்காளி வகையறாவிலிருந்து இரண்டு பேரை அரை நேரமாக எடுங்கள். ஒரே குடும்பத்தின் கையில் போய்விட்டால் மற்ற குடும்பங்கள் ஒதுங்கிக்கொள்ளும்.

அவர் பையில் இருக்க வேண்டியவை: டிஜிட்டல் இரத்த அழுத்தக் கருவி, வெப்பமானி, எடைக் கருவி, கைச்சுற்றளவு நாடா, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், ஒரு லிட்டர் அளவுள்ள பாட்டில், டார்ச், பேரேடு, பரிந்துரைச் சீட்டு. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடும் ஊட்டச்சத்துக் குறைவு, அன்றே சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கினால் உப்பு கூடிப்போய்க் குழந்தைக்கு ஆபத்து. ஆன்டிபயாடிக் எதுவும் பையில் இருக்கக்கூடாது. ஊசி குத்தும் முகாம் நடத்தினால் 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் முகாமுக்கும் பொருந்தும். ஊசிகளைத் துளைபடாத பெட்டியில் போட்டு முறைப்படி ஒப்படைக்க வேண்டும்.

நாட்காட்டியைச் சுவரில் மாட்டுங்கள்

ஆகஸ்ட் 29-இல் வேளாங்கண்ணியில் கொடி ஏறும், செப்டம்பர் 8 வரை திருவிழா. அந்த நாட்களில் நரிக்குறவர் குடியிருப்புகளில் பாதி வீடு பூட்டியிருக்கும். கார்த்திகையில் மாலை போடும் காலம், தைப்பூசம், நாகூர் கந்தூரி எல்லாமே அப்படித்தான். கும்பகோணத்தில் 2028-இல் மகாமகம் வருகிறது, அந்த ஆண்டுத் திட்டத்தை அதை வைத்தே போடுங்கள். நடவுக் குழுக்களுக்கு வேறு கணக்கு: மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால் குறுவைக்கு வருவார்கள், சம்பாவுக்கு மறுபடி வருவார்கள். ஆட்களைக் கூட்டிவரும் மேஸ்திரியின் தொலைபேசி எண் உங்களிடம் இருந்தால்தான் அவர்கள் எந்தக் கொட்டகையில் தங்கியிருக்கிறார்கள் என்பது தெரியும்.

தடுப்பூசியைப் பெரும்பாலும் புதன்கிழமைகளில் போடுகிறார்கள். பயணத்தில் தவறிய ஊசியை எந்த ஊர் அரசு சுகாதார நிலையத்திலும் போட்டுக்கொள்ளலாம், அட்டை மட்டும் கையில் இருக்க வேண்டும். அட்டையை ஜிப் உறையில் போட்டுக் கொடுங்கள். உங்கள் தொலைபேசியில் ஒரு படம், அம்மாவின் தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

காசநோய்: அறுந்துபோகும் இடம்

இரண்டு வாரம் இருமினால் சளிப் பரிசோதனை. இரண்டு மாதிரி வேண்டும், ஒன்று அப்போதே, மற்றொன்று விடியற்காலையில். பரிசோதனை வீணாவது பெரும்பாலும் எச்சிலைத் துப்பிக் கொடுப்பதால்தான். வாயைத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, திறந்த வெளியில் நின்று, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமிக் குப்பியில் எடுக்கச் சொல்லுங்கள். நுரை நுரையாக, தண்ணீர் போல இருந்தால் எச்சில். கெட்டியாக மஞ்சளாகவோ வெண்மையாகவோ இருந்தால் சளி. மற்றவர்கள் எதிரே நிற்கக்கூடாது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்கள். மூடியை இறுக்கி, பெயரைக் குப்பியின் உடலில் எழுதுங்கள். மூடியில் எழுதினால் ஆய்வகத்தில் மூடி மாறிவிடும்.

சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து. மாத்திரை தொடங்கிய ஓரிரு நாளில் சிறுநீர் ஆரஞ்சுச் சிவப்பாகப் போகும். அது ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம். முன்கூட்டியே சொல்லாவிட்டால் இரத்தம் போகிறது என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். இரண்டாவது ஆபத்து இரண்டு மாதம் கழித்து வரும். இருமல் நின்று உடம்பு தேறியிருக்கும், திருவிழாவும் வரும். மருந்தை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அதனால்தான் பயணத் தேதி பேரேட்டில் இருக்க வேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே காசநோய்ப் பிரிவுப் பணியாளரிடம் சொல்லி, போகிற ஊரில் மருந்து கிடைக்க மாற்றம் செய்யச் சொல்லுங்கள். காசநோயாளிகளுக்கான அரசுப் பதிவேட்டில் அவருக்குத் தரும் நிக்ஷய் எண்ணை அட்டையில் எழுதிக் கொடுங்கள், நாட்டின் எந்த அரசு மையத்திலும் அது செல்லும். கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த அரசு உதவி 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். அது வங்கிக் கணக்குக்குத்தான் வரும். கணக்கில்லாதவருக்கு மருந்து தொடங்கும் வாரமே ஜன்தன் கணக்கும் தொடங்குங்கள்.

சிரங்குக்கும் இதே பயணச் சிக்கல் உண்டு. பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பை மருத்துவர் எழுதித் தந்தபடி ஒரே இரவில் மொத்தக் குடும்பமும் கழுத்துக்குக் கீழே முழுவதும் பூசி, காலையில் குளித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி பூச வேண்டும். பாதிப் பேர் வெளியூரில் இருக்கும்போது பூசினால் அவர்கள் திரும்பி வந்ததும் எல்லோருக்கும் மறுபடி அரிக்கும். எல்லோரும் வீடு திரும்பும் நாளுக்குக் காத்திருங்கள். துவைக்க முடியாத போர்வைகளை மூட்டையாகக் கட்டி மூன்று நான்கு நாள் ஒதுக்கி வையுங்கள்.

கர்ப்பிணியும் சான்றும்

கர்ப்பத்தை 12 வாரத்துக்குள் செவிலியரிடம் பதிந்தால் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கும். வயதுக்கும் பிரசவ எண்ணிக்கைக்கும் நிபந்தனை உண்டு, செவிலியரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். ஆபத்தான கர்ப்பங்கள் தஞ்சை ராசா மிராசுதார் மருத்துவமனைக்கு அனுப்பப்படும். முதல் முறை போகும்போது பணியாளர் கூடவே போக வேண்டும். சீட்டு எங்கே, ஸ்கேன் எங்கே, இரத்தம் எங்கே என்று தெரியாமல் மதியத்துக்குள் திரும்பி வந்தவர்கள் அடுத்த முறை போகவே மாட்டார்கள்.

கர்ப்பிணி 18 வயது நிரம்பாதவர் என்றால் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தகவல் தெரிவிக்கும் கடமை வரும். மறைத்துவிடுவோம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்தப் பயத்திலேயே வீட்டில் பிரசவம் பார்த்து உயிர் போகக்கூடும். பாதுகாப்பான பிரசவம்தான் முதல் கவலை என்று குடும்பத்திடமும், பெண்ணை மரியாதையோடு நடத்த வேண்டும் என்று அதிகாரிகளிடமும் பேசிக்கொண்டே இருங்கள்.

பிறந்த குழந்தையை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. ஓராண்டு கடந்தால் அதிகாரியின் ஆணை வரை அலைய வேண்டும். நரிக்குறவர், குருவிக்காரர் 2023 ஜனவரியில் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். பழைய மிகப் பிற்படுத்தப்பட்டோர் சான்றை வைத்திருப்பவர்கள் இ-சேவை மையம் வழியாகப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பழங்குடிச் சான்றைக் கோட்டாட்சியர் தருகிறார், வட்டாட்சியர் அலுவலகத்தில் காத்திருந்து நாளை வீணாக்காதீர்கள். ஆதியன் குடும்பங்களுக்குச் சான்று எளிதாகக் கிடைப்பதில்லை, உறவினர் யாரிடமாவது இருக்கும் பழைய சான்று, பள்ளிச் சான்று எதையும் விடாமல் இணையுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வேண்டும். அறுவைச் சிகிச்சை தேவைப்படும் நாளில் போய் நிற்காமல், முதல் ஆண்டிலேயே எல்லோருக்கும் எடுத்து முடியுங்கள்.

பணம்

முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஊர்ப் பணம் போதும். மாதம் 500 ரூபாய் தரும் 60 பேர் கிடைத்தால் மாதம் 30,000. இரண்டு அரை நேரப் பணியாளர், போக்குவரத்து, கண்ணாடி எல்லாம் அதற்குள் அடங்கும்படி திட்டமிடுங்கள். எத்தனை சிறிய தொகைக்கும் ரசீது கொடுங்கள். அமைப்புக்கு வரி விலக்குத் தரும் 12ஏபி, நன்கொடையாளருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி என்று வழங்கும் வருமான வரிப் பதிவுகளை முதல் ஆண்டிலேயே வாங்குங்கள். 2,000 ரூபாய்க்குமேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு வரிச் சலுகை கிடைக்காது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்கு, அதை வாங்கும் அமைப்புகள் மத்திய அரசிடம் செய்துகொள்ளும் சி.எஸ்.ஆர்.-1 பதிவும், பொதுவாக மூன்றாண்டு அனுபவமும் கேட்பார்கள். வெளிநாட்டுப் பணம் சட்ட அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது, சிங்கப்பூர்க் குடிமகனான மாமா ஆசையாக அனுப்பினாலும் சரி. அந்த அனுமதிக்கு மூன்றாண்டு வயதும், அந்தக் காலத்தில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்த கணக்கும் வேண்டும்.

பெரிய நிதி வரும்போது, எண்ணிக்கையை ஏற்றச் சொல்லி அழுத்தமும் சேர்ந்தே வரும். 'பயனாளிகள் 5,000' என்று எழுதச் சொல்வார்கள். நீங்கள் மருந்து முடித்தவர் எத்தனை, தடுப்பூசி முழுமையான குழந்தை எத்தனை, புதிதாகச் சான்று பெற்றவர் எத்தனை என்ற கணக்கைக் கொடுங்கள். அதை ஏற்காத பணம் உங்களை முகாம் நடத்தும் அமைப்பாக மாற்றிவிடும். நோயாளியின் முகம் தெரியும் படத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது குடியிருப்புக்கு எப்போது

மூன்று விஷயம் நடந்திருக்க வேண்டும். நீங்கள் ஒரு மாதம் போகாவிட்டாலும் பேரேடு நிரம்பியிருக்க வேண்டும். செவிலியர் உங்களைக் கூப்பிடாமல் நேராகப் பணியாளரைக் கூப்பிட வேண்டும். மருந்து தொடங்கிய ஒருவர் பயணம் போய்த் திரும்பி ஆறு மாதத்தை முடித்திருக்க வேண்டும். இதற்குப் பெரும்பாலும் ஒன்றரை ஆண்டு ஆகும். அவசரப்பட்டு ஒரே வருடத்தில் ஐந்து இடம் திறந்தால் ஐந்திலும் முதல் மாதத்து வேலை மட்டுமே நடக்கும்.

போகும் இடத்தில் முதல் குடியிருப்பின் பணியாளருக்கு உறவினர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அவரே போய் அறிமுகம் செய்யட்டும், அங்கே புதியவரைத் தேர்ந்தெடுக்கட்டும், ஒரு மாதம் கூட நின்று கற்றுக்கொடுக்கட்டும். ஐந்து பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர் போதும். நடவுக் குழுக்களுக்கும் ஆலைத் தொழிலாளருக்கும் வேலையை விரிப்பது தனி முயற்சி. வங்கமும் இந்தியும் பேசும் ஆள் கிடைக்கும்வரை அதில் இறங்காமல் இருப்பது மேல்.

ஐப்பசிக்கு முன்னால் ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு பட்டியல் தயாராக வேண்டும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது டெல்டாவில் மின்சாரமும் தொலைபேசியும் பல நாள் இல்லை. தொலைபேசியில் மட்டும் வைத்திருக்கும் பட்டியல் அப்போது உதவாது. அடுத்த எட்டு வாரத்தில் பிரசவமாகும் பெண்கள், காசநோய், சர்க்கரை, வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர்கள், நடக்க முடியாத முதியவர்கள் என்று காகிதத்தில் எழுதி ஒரு பிரதியைச் செவிலியரிடமும் ஒன்றைப் பணியாளரிடமும் கொடுங்கள். கூடுதலாக இரண்டு வார மருந்தை முன்கூட்டியே கேட்டு வாங்கி, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். பிரசவ நாள் நெருங்கியவரைப் புயல் எச்சரிக்கை வரும்போதே சுகாதார நிலையத்தில் சேர்த்துவிடுங்கள். வாய்க்கால் உடைந்து வெள்ளம் சூழ்ந்தபின் 108 வண்டி உள்ளே வர முடியாது.

மூன்றாவது குடியிருப்பைத் தொடும் முன் நிர்வாகக் குழுவில் அந்தச் சமூகத்துப் பெண்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். வங்கிக் கணக்கின் இரண்டு கையெழுத்தில் ஒன்று அவர்களில் ஒருவருடையதாக இருக்கட்டும். குழுக் கூட்டத்தை டவுன் அலுவலகத்தில் காலை 11 மணிக்கு வைத்தால் அவர்களால் வர முடியாது. குடியிருப்பிலேயே, விளக்கு வைத்த பிறகு கூட்டுங்கள். கணக்கு வழக்கைத் தமிழில் எழுதி, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்து, அவர்கள் மொழியில் சொன்ன பிறகே கையெழுத்து வாங்குங்கள். வங்கிக்குப் போக வேண்டிய நாளில் அவருக்கு வியாபாரம் கெடும். அந்த நாள் வரும்படியையும் பேருந்துக் கட்டணத்தையும் செலவுக் கணக்கில் எழுதி, அன்றே கையில் கொடுத்துவிடுங்கள்.